ஓசூர் வரைக்கும் சில்லென்று

போன வாரம் ஒரகடம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி பஸ் ஒன்று வந்து பெருமூச்சு விட்டு நின்றது. ஷிப்டு முடிந்த பையன்கள் இறங்கினார்கள். ஒருவன் என்னைக் கடந்து டீக்கடைப் பக்கம் போனான். அவன் போய்விட்டான். அவன் சட்டையில் இருந்த வாசனை மட்டும் என்னோடு நின்றுவிட்டது.

இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தடவுகிற எண்ணெய். அதை வாசனை என்பதா, நாற்றம் என்பதா என்பது நீங்கள் யார் வீட்டில் பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய தையல் மெஷினின் ட்ராயரை இழுத்தால் வருமே, அதற்கு இது அண்ணன் முறை. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் மழையில் நனைந்த ஆணி.

எனக்கு அது பால் புட்டிங்கின் வாசனை. சிரிக்காதீர்கள். ஆட்டோ வந்தது, நான் ஏறவில்லை. அந்த வாசனை காற்றில் கரைந்து முடிகிற வரைக்கும் நின்றேன். அதற்குள் ஓசூர் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

மீட்டர் ஓட ஓட

1991. எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. இன்றைக்குக் கார் செய்கிற இடங்களில் அன்றைக்கு வேலிமுள்ளும் நாரையும் நிறைய வெயிலும் இருந்தன. சாலையோரம் ஒன்றிரண்டு ஆலைகள். அவற்றில் ஒன்றில் அப்பாவுக்கு ஸ்டோர்ஸில் வேலை. எண்ணெய்த்தாளில் சுற்றி வருகிற பேரிங்குகளைப் பிரித்து, பார்த்து, அடுக்கி வைப்பார். மாலையில் வீட்டுக்கு வந்து அதே கையால் என் தலையைத் தடவுவார்.

அக்கா வசந்தியை அதற்கு முந்தின வருஷம் ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை சாது. மாப்பிள்ளையின் அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் வாக்கிய முடிவில் முற்றுப்புள்ளி விழுகிற சத்தம் கேட்கும். அவர் கேள்வி கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் எழுந்து நிற்கத் தோன்றும்.

அக்காவுக்கு ஏழாம் மாதம். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாயோடு வண்டி ஏறிவிடுவாள். இதில் கேட்கவும் சொல்லவும் ஒன்றும் இல்லை. சம்பந்தியம்மா, எதற்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடுகிற சிவப்பு எண்களையே பார்த்தபடி அம்மா நின்றிருந்தாள். அந்தப் பக்கம் ஒவ்வொரு காரணமாக வந்தது. உங்கள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. கரண்ட் அடிக்கடி போகிறது. அப்புறம், அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெயர் உலகம் முழுக்கக் கேட்டது. எதனால் என்று உங்களுக்கே தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. ஊரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் ஒரு கணம் பேச்சை நிறுத்திய வருஷம் அது. வளைகாப்பைச் சிறப்பாகச் செய்வோம், பெண் மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்றார் சம்பந்தியம்மா.

அம்மாவிடம் பதில்கள் இருந்தன. காஞ்சிபுரத்தில் நல்ல டாக்டரம்மா இருக்கிறார், தெருவிலேயே வாடகைக் கார் இருக்கிறது, பெண்ணின் முகமே வாடிக் கிடக்கிறது என்று எத்தனையோ. மீட்டர் ஓடிய வேகத்தில் எல்லாம் பறந்துபோய், கையில் மிஞ்சியதைச் சொன்னாள்.

"எங்க வூட்ல பிரிட்ஜ் கீது சம்பந்தி."

இத்தனை வருஷத்தில் இந்த ஒரு வாக்கியத்தை அம்மா மறக்க நாங்கள் யாரும் விட்டதில்லை.

அந்தப் பக்கம் தலைமையாசிரியை சிரித்தார். "அப்படியா? அப்ப அதுல செஞ்ச பலகாரம் ஒண்ணு வளைகாப்புக்கு எடுத்துட்டு வாங்க. ஓசூர் வந்து சேர்ற வரைக்கும் சில்லுன்னு இருந்தா, மத்ததப் பேசுவோம்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். அம்மா அதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டாள். புட்டிங் குளிர்ந்து சேர்ந்தால் பெண் வீட்டுக்கு வருவாள். வெந்து சேர்ந்தால் வரமாட்டாள். பூத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் இந்தக் கணக்கு அவள் மனசில் கல்வெட்டாகிவிட்டது.

நடுங்குகிற பலகாரம்

அந்தப் பிரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் அது முதலாவது. ஒற்றைக் கதவு, இளநீல நிறம். அதற்குள் எங்கள் சாமான் இருந்ததைவிடத் தெருவின் சாமான்தான் அதிகம். ஒரு வீட்டு தோசை மாவு, ஒரு வீட்டு மல்லிகைப்பூ, எதிர்வீட்டுப் பெரியவரின் கண் சொட்டு மருந்து. ராத்திரியில் அது உறுமும்போது தெருவே எங்கள் கூடத்தில் படுத்துக் குறட்டை விடுவதாகத் தோன்றும்.

ஏதோ ஒரு பத்திரிகையோடு இணைப்பாக வந்த சமையல் புத்தகத்தைப் பார்த்து அம்மா பால் புட்டிங் கற்றிருந்தாள். சைனா கிராஸ் என்கிற கடற்பாசியைக் கரைத்து, சுண்டக் காய்ச்சிய பாலில் ஊற்றி, ஏலக்காய் போட்டு உறைய வைப்பது. முட்டை கிடையாது, அதனால் சுபகாரியத்துக்கு ஆகும். வெள்ளை வெளேரென்று, தொட்டால் நடுங்கும். சீக்கிரத்தில் உருகாது, ஆனால் வெயிலில் வியர்க்கும். தண்ணீர் விட்டுச் சுருங்கி, பால் திரிந்து, பிள்ளை கக்கின மாதிரி ஆகிவிடும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓசூர், அந்தக் காலச் சாலையில் அரைநாள் ஓட்டம்.

குளிரைப் பற்றி அம்மாவுக்கு ஒரே ஒரு குருதான் உண்டு. எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த குச்சி ஐஸ்காரர். சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி. மூடியை டப் டப் என்று தட்டிக்கொண்டு வருவார். பிள்ளைகள் சுற்றிக்கொண்டு சிவப்பா மஞ்சளா என்று யோசிப்போம். யோசித்து முடிக்கிற வரைக்கும் மூடியைத் திறக்கமாட்டார். முடிவு சொன்னதும் கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமலே எடுத்து, மூடிவிடுவார். அந்தப் பெட்டியின் உட்புறத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே இமயமலை இருக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

அம்மா அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரே பாடம். திறந்தால் போச்சு.

பெட்டிக்கு வழி சொன்னது அப்பா. ஆலையில், வெளிநாட்டிலிருந்து பேரிங் வந்த பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வெளேரென்று, வெளியே இங்கிலீஷ் எழுத்து, ஓரத்தில் ஒரு குடை படம். அம்மா அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, கற்பூரம் சுற்றி, குழந்தைக்குத் தொட்டில் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தாள்.

ஐஸுக்கு வழி சொன்னவர் ஏகாம்பரம் மாமா. தெருக்கோடியில் வாடகை அம்பாசிடர் வைத்திருந்தவர்; எங்களை ஓட்டிக்கொண்டு போகப் போகிறவரும் அவர்தான். முந்தின நாள் சாயந்திரம் பூந்தமல்லி ஐஸ் பேக்டரியிலிருந்து ஒரு பாளம் ஐஸைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ரைஸ்மில் உமியில் புதைத்தால் மறுநாள் வரைக்கும் அசையாது என்றார். கூடவே ஒரு கை கல்லுப்பும் போட்டால் இன்னும் இறுகும் என்று ஒரு யோசனை.

"உப்பு தண்ணி புட்டிங்ல எறங்கினா, சம்பந்தி அம்மா ஊறுகான்னு நெனச்சி எலையில வெச்சிக்குவாங்க. வேணாம்பா" என்று அம்மா அதைத் தள்ளிவிட்டாள்.

கீழே உமி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், ஐஸ், நடுவில் எவர்சில்வர் சம்புடம், சுற்றி ஐஸ், மேலே மறுபடி உமி, மூடி, ஈரக்கோணி, கயிறு. அம்மா கட்டிய முடிச்சுகளை அவிழ்க்க அம்மாவாலேயே முடியாது.

வெந்துகொண்டே போனோம்

விடியும் முன்னே கிளம்பினோம். முன்சீட்டில் மாமாவும் அப்பாவும். பின்சீட்டில், வெயில் படாத ஜன்னலோரம் பெட்டிக்கு. நடுவில் நான். அந்தப் பக்கம் அம்மா. வளைகாப்புக்கென்று செய்த ஏழு வகைச் சாதங்களும் டிக்கியில் அனாதையாகக் கிடந்தன. அவற்றை யாரும் விசாரிக்கவில்லை.

வெயில் ஏறியதும் அம்மா எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னாள். வெளியே அனல், அது உள்ளே வந்தால் பெட்டி தாங்காது. அம்பாசிடர் மெல்ல இட்லிப்பானை ஆனது. ஒரு வெள்ளைப் பலகாரம் குளிர்ந்திருக்க, நாலு மனிதர்கள் ஆவியில் வெந்துகொண்டிருந்தோம்.

"யக்கா, புட்டிங் பொழச்சிக்கும்" என்றார் மாமா, கழுத்துத் துண்டைப் பிழிந்தபடி. "நாம பூட்டோம்னா வளையல் யாரு போடறது?"

அம்மா அசையவில்லை. எனக்கு மட்டும் ஒரு ரகசியச் சுகம் இருந்தது. பெட்டியின் மூலையில் ஒரு கீறல். அதன் வழியே ஐஸ்தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் வலது பாதத்தில் விழுந்தது. என் வலது கால் ஊட்டியில் இருந்தது. மிச்ச நான் வேலூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

டீக்கு நிறுத்தும் இடமெல்லாம் அப்பா இறங்கி, பின்கதவைத் திறந்து, பெட்டியின்மேல் உள்ளங்கையை வைப்பார். ஜுரம் பார்க்கிற மாதிரி. பிறகு அம்மாவைப் பார்த்துத் தலையாட்டுவார். அம்மா கண்ணை மூடித் திறப்பாள். அக்காவைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் அந்தத் தலையாட்டல்தான்.

வாலாஜா தாண்டினதும் போலீஸ் நிறுத்தியது. அந்த வருஷம் வழியெல்லாம் அப்படித்தான். எந்த ஊர் என்று கேட்டார் ஒருவர். பெரும்புதூர் என்றார் மாமா. கேட்டவர் குனிந்து உள்ளே பார்த்தார். ஈரக்கோணி சுற்றி, கயிறு இறுக்கி, ஜன்னலோரத்தில் மனிதரைப்போல் உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தார். இறங்கச் சொன்னார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

அம்மாவின் முகம் வெளுத்தது. அவள் பயந்தது போலீஸுக்கு இல்லை.

மகள், ஏழாம் மாதம், சம்பந்தி, பிரிட்ஜ் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவருக்கு அதில் பாதி புரியவில்லை, ஆனால் திறந்துதான் ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கடைசியில் முடிச்சை அரிவாள்மணையால் அறுத்தோம். பழம் நறுக்க எடுத்துவந்தது டிக்கியில் இருந்தது. அம்மா மூடியைத் தூக்கினாள். உமி, உமிக்கு நடுவில் வெள்ளைப்புகை, புகைக்கு நடுவில் வியர்த்த சம்புடம்.

"பாத்துட்டீங்களா சார்? மூடிடட்டா? சில்லு பூடும் சார்."

அவர் கையை உமிக்குள் விட்டார். அந்தச் சுள்ளென்ற வெயிலில், தொப்பிக்குக் கீழே வழிந்துகொண்டிருந்த முகம், ஒரு கணம் சின்னப் பையனின் முகமாகிவிட்டது. கையை எடுக்க மனசில்லாமல் எடுத்தார். பிறகு மூக்கைச் சுருக்கினார்.

"சில்லுனுதான் கீது. ஆனா இன்னாம்மா, மெஷின் ஆயில் வாசன அடிக்குது?"

வண்டி சூடாகியிருக்கிறது சார் என்றார் அப்பா. வண்டி நகர்ந்ததும், போலீஸ் மூக்கு அப்படித்தான், இல்லாததெல்லாம் அதுக்கு வரும் என்று தீர்ப்பும் சொன்னார். வேலூர் வரைக்கும் அந்த மூக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நாலு மூக்கு

கிருஷ்ணகிரிக்கு அப்புறம் காற்று மாறியது. ஓசூரில் இறங்கினால், மேகம் போட்டு, ஊரே நிழலில் இருந்தது. குளிராகக்கூட இருந்தது.

"யக்கா" என்றார் மாமா, கையைத் தேய்த்துக்கொண்டே. "இந்த ஊர்ல இதுக்கு ஐஸே வேணாமே."

அம்மா காதில் வாங்கவில்லை. வாசலில் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் சம்பந்தியம்மா நின்றிருந்தார். உள்ளே அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள். வயிறு மட்டும்தான் வளர்ந்திருந்தது; மற்றதெல்லாம் இளைத்திருந்தது. என்ன செய்து கொடுத்தாலும் இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை என்று சம்பந்தியம்மா சொன்னார். கஞ்சி, மிளகு ரசம், பெங்களூரிலிருந்து வரவழைத்த ரொட்டி, எல்லாம் பார்த்தாயிற்று. இதைச் சொல்லும்போது அந்த முற்றுப்புள்ளிச் சத்தம் இல்லை. அவரும் பயந்துகொண்டுதான் இருந்தார்.

வளையல் அடுக்கியாயிற்று. சந்தனம் பூசியாயிற்று. ஏழு வகைச் சாதமும் பரிமாறியாயிற்று. அக்கா எல்லாவற்றையும் விரலால் தொட்டு நகர்த்தினாள். பிறகு அம்மா சம்புடத்தைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவே வைத்துத் திறந்தாள்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டிருக்கவில்லை. வெள்ளையாக, வழவழவென்று, அப்படியே நடுங்கியது.

சம்பந்தியம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். சுற்றி இருந்த தெருப் பெண்களுக்குக் கேட்கும்படி, "சில்லுன்னுதான் இருக்கு" என்றார். அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. கிண்ணம் கிண்ணமாகப் போட்டுக் கொடுத்தாள். சம்பந்தியம்மா ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். வைத்தவர் அப்படியே இருந்தார்.

"இதுல என்ன போட்டீங்க?"

"ஏலக்கா, சம்பந்தி."

"ஏலக்கா இல்ல. வேற. தையல் மெஷினுக்கு விடுவாங்களே, அது மாதிரி."

தெருப் பெண்கள் மரியாதையாக, ஒவ்வொருவராக, கிண்ணத்தைத் தரையில் வைத்தார்கள். ஒருத்தி புடவைத் தலைப்பால் வாயை ஒற்றிக்கொண்டாள். அம்மா ஒரு கிண்ணத்தை எடுத்து மோந்தாள். ஒன்றுமில்லை. என்னிடம் நீட்டினாள். எனக்கும் ஒன்றுமில்லை; பாலும் ஏலக்காயும்தான். அரைநாள் அந்தப் பெட்டியோடு வந்த மாமாவும் மோந்தார், அவருக்கும் ஒன்றுமில்லை. கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணை மூடி, நெஞ்சு விரிய இழுத்து, "ஒண்ணும் இல்லையே" என்றார்.

எப்படித் தெரியும்? எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் அந்த வாசனை. தலையணையில் அந்த வாசனை. சோற்றுப்பானை பிடிக்கிற துணி, அப்பாவின் பழைய சட்டையைக் கிழித்தது. மீன் போய்க் குளத்து வாசனையைக் கண்டுபிடிக்குமா? எண்ணெய் ஊறின பெட்டியில் அரைநாள் மூடிக் கிடந்த பால், அந்த வாசனை முழுவதையும் குடித்துவிட்டிருந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்தது எங்கள் நாலு மூக்குக்கு மட்டும் தெரியவில்லை. பாவம், அந்தப் போலீஸ்காரர்.

அம்மா கிண்ணங்களைச் சேகரிக்கத் தொடங்கினாள். யாரையும் பார்க்கவில்லை. பெண் இங்கேயேதான் என்று அவள் கை முடிவு செய்துவிட்டது. ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து அடுக்கிய விதத்தில் தெரிந்தது.

"எனக்கு யாரும் குடுக்கலையே" என்றாள் அக்கா.

வேண்டாம்மா, கெட்டுப்போச்சு என்றாள் அம்மா. அக்கா கையை நீட்டியபடியே இருந்தாள். முழங்கை வரை கண்ணாடி வளையல். கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் உடனே சாப்பிடவில்லை. கிண்ணத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"அப்பா சட்டை" என்றாள்.

சாப்பிட்டாள். இன்னொரு கிண்ணம் கேட்டாள். தெருப் பெண்கள் வைத்த கிண்ணங்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வளையல்கள் கலகலவென்று சத்தமிட்டன. ஸ்பூன் கிண்ணத்தைச் சுரண்டுகிற சத்தத்தைக் கூடம் முழுக்க உட்கார்ந்து கேட்டது. அப்பா வாசல் பக்கம் திரும்பி, தெருவில் இல்லாத எதையோ பார்க்கத் தொடங்கினார்.

அம்மா சிரித்தாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். சிரிக்கவில்லை. எங்கள் நாலு பேருக்கும் தெரியாத வாசனை அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிய வேண்டுமென்றால் அந்த வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். தாலி கட்டியபோதும், வண்டி ஏறியபோதும் அழாத அம்மா, அப்போதுதான் முந்தானையை எடுத்தாள். எனக்கு அந்த வாசனை தெரியவந்தது அதற்குப் பல வருஷம் கழித்து, நானும் வேறொரு ஊருக்குப் போன பிறகு.

இடமில்லாத வண்டி

சம்பந்தியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காலி சம்புடத்தைப் பார்த்தார். மருமகளின் முகத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"நீங்க ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு எனக்குத் தெரியல சம்பந்தி" என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டு, மருமகளின் சூட்கேஸை எடுத்து வண்டியில் வைக்கச் சொன்னார். மாத்திரைகளை எந்த வேளைக்கு எது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்லவும் வைத்தார். அம்மா நல்ல மாணவியைப்போல் ஒப்பித்தாள்.

கிளம்பும்போது ஒரு சிக்கல். வரும்போது பெட்டி இருந்த இடத்தில் இப்போது அக்கா. டிக்கியில் பாத்திரங்களும் சூட்கேஸும். ஏகாம்பரம் மாமா பெட்டியை எப்படித் திருப்பி வைத்தும் அடங்கவில்லை. அம்மாவுக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தூக்கிக்கொண்டு தெருமுனைக் குப்பைமேட்டைப் பார்த்து நடந்தாள்.

சம்பந்தியம்மா பின்னாலேயே போய், பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் வாங்கினார். வண்டி வரைக்கும் வந்து, ஜன்னலில் இருந்த அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவிடம் சொன்னார்:

"இது இங்கயே இருக்கட்டும் சம்பந்தி. புள்ளையோட திரும்பி வந்ததும் இவளுக்கு மறுபடி சோறு எறங்கலன்னா, நான் எதுல வெச்சுக் குடுக்கறது?"